பூஜையில் வைத்த மெயில் டப்பி

1

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னாலும், பின்னால் நடந்தது முன்னாலும் வந்து நிற்கும். எந்த வருஷம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சில பெயர்களும் போய்விட்டன. வயதான பொம்பளை ஏதோ உளறுகிறாள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ரிக் வண்டிக்காரர் சங்கத்து ஆண்டு மலருக்கு வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தார் யாராவது எழுத வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் என்னைக் கை காட்டிவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குப் போய்விட்டார். அதனால்தான் நான் எழுத வேண்டியதாயிற்று.

நான் பிறந்தது ராசிபுரத்துக்குப் பக்கம். கட்டிக்கொடுத்தது திருச்செங்கோட்டுப் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியைக் கப்பலில் ஏற்றி, பின்னாலேயே நாங்களும் தான்சானியா வந்து சேர்ந்தோம். தார் எஸ் சலாம் என்ற கடலோர ஊரில் குடியிருக்கிறோம். வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

போன வாரம் இந்த நாட்டில் தங்குவதற்கான என் பெர்மிட்டைப் புதுப்பிக்கப் போயிருந்தோம். நானும் என் மருமகளும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், தலை நிறையப் பின்னல் போட்டிருந்தாள், மரியாதையாக 'ஷிகமோ மாமா' என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கேள்விகளை ஆரம்பித்தாள். இந்த ஊர் சுவாஹிலி மொழியில் மாமா என்றால் அம்மா. பெயர், பிறந்த ஊர், அப்பா பெயர். அப்புறம் இமெயில் முகவரி என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள், "அத்தைக்கு அதெல்லாம் பழக்கமில்லை" என்று சொல்லித் தன்னுடையதைக் கொடுத்துவிட்டாள். சேலத்திலிருந்து பிற்பாடு வந்தவள், அவளுக்குத் தெரியாது. தங்கமான பிள்ளை. எனக்குக் கால் வலிக்கும், சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சொன்னாள். நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் வண்டியில் திரும்பி வரும்போது முழுக்க எனக்கு அந்த டப்பியின் நினைப்பாகவே இருந்தது. மருமகள் இந்த வீட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே நான் மெயில் அனுப்பியிருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

இப்போது எல்லார் கையிலும் கண்ணாடி மாதிரி ஒரு போன் இருக்கிறது. அதற்கெல்லாம் முன்னால், கம்ப்யூட்டர் முன் உட்காராமலே, போகிற வருகிற இடத்தில் மெயில் பார்க்கிற ஒரு கருவி வந்தது. கறுப்பு நிறம். உள்ளங்கையில் அடங்கும். மேல்பாதி திரை, கீழ்பாதி முழுக்கக் குட்டிக் குட்டிப் பொத்தான்கள், மாதுளையை உடைத்தால் முத்துகள் அடுக்கியிருக்குமே அந்த மாதிரி. பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம். அதை விரலால் உருட்டினால் கடிதங்கள் ஒவ்வொன்றாக மேலே போகும். மெயில் வந்தால் தலையில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும்.

எங்கள் வீட்டுக்காரர் அதை வாங்கி வந்த அன்று ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். "பொடி டப்பியாட்டம் இருக்குதுங்கண்ணா" என்றான் ஒருவன். அன்றிலிருந்து அதற்கு மெயில் டப்பி என்றே பெயர். அதில் பேசவும் பேசலாம். அவருக்கு வேறு போன் கிடையாது. தோல் உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்வார். இரண்டு கட்டை விரலாலும் தட்டுவார். ரிக்கில் ஏறிப் பைப் மாட்டிக் காய்த்துப்போன விரல்கள் அந்தக் குருணைப் பொத்தான்மேல் எப்படி நடக்கின்றன என்று அடுப்படியிலிருந்து பார்த்து அதிசயப்பட்டிருக்கிறேன்.

தொழிலுக்கு அது பெரிய துணை. இங்கே உள்நாட்டுக் கிராமங்களில் கிணறு போடச் சொல்கிற தொண்டு நிறுவனக்காரர்கள் மெயிலில்தான் பேசுவார்கள். கோயம்புத்தூரில் உதிரிச் சாமான் அனுப்புகிறவரும் அப்படித்தான். முன்னெல்லாம் ஒரு பதில் வாங்க ஊருக்குள் போய் கம்ப்யூட்டர் கடையில் காத்துக் கிடந்து, மின்சாரம் போய், வெறுங்கையோடு வருவார். டப்பி வந்த பிறகு சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கோயம்புத்தூருக்குப் பதில் போட்டார். பேட்டரியும் லேசில் தீராது. இன்றைய போன்கள் சாயங்காலத்துக்குள் சோர்ந்து விழுகின்றன. அது தெம்பான சாமான்.

அவருக்குக் கண்ணாடி இல்லாமல் பொடி எழுத்துத் தெரியாது. கண்ணாடியை வைத்த இடமும் தெரியாது. அதனால் "ஏம்புள்ள, இதைப் படி" என்று என்னிடம் நீட்டுவார். எனக்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரியும், பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வேன். அவர் கூட்டிப் படித்து அர்த்தம் சொல்வார். பிறகு அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் தட்டுவேன். இப்படி எங்கள் கம்பெனியின் பாதி மெயில் என் கட்டை விரலால் போனதுதான். ஆட்கள் எழுதுவது வேறு மாதிரி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். அதை நானாகவே படித்துவிடுவேன்.

எனக்கு அந்த டப்பி ஏன் அவ்வளவு பிடித்தது என்று சொல்ல வேண்டும். நான் சின்ன வயதிலிருந்து கூச்சக்காரி. விருந்தாள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். போன் மணி அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று பார்ப்பேன். எடுத்தால் அந்தப் பக்கம் இருப்பவர் உடனே பதிலை எதிர்பார்ப்பார். நான் வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிடுவார். மெயில் அப்படிச் செய்யாது. கண் மூடித் திறப்பதற்குள் கடல் தாண்டி வந்துவிடும், வந்த பிறகு என் பதிலுக்குப் பேசாமல் காத்திருக்கும். இத்தனை வேகமும் இத்தனை பொறுமையும் ஒரே சாமானில் எப்படி வைத்தார்கள் என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

3

வந்த புதிதில் இந்த ஊர் மணிக்கணக்கே எங்களைப் பாடாய்ப் படுத்தியது. இங்கே சூரியன் கிளம்பியதிலிருந்து மணி எண்ணுவார்கள். பெர்மிட் ஆபீஸில் நாளைக்கு இரண்டு மணிக்கு வாருங்கள் என்று அவர்கள் மொழியில் சொன்னார்கள். அது நம் கணக்குக்குக் காலை எட்டு. நாங்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் போய் நின்றோம். அதிகாரி எங்களைத் தேடிவிட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார். மறுநாளும் அதே கதை. அப்புறம்தான் ஒரு காவலாளி எங்கள் வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தைப் பிடித்து, முள்ளுக்கு நேர் எதிரே இருக்கிற எண்ணைத் தொட்டுக் காட்டினார். எங்கள் அப்பாரும் பொழுது கிளம்பி இத்தனை நாழிகை என்றுதான் சொல்லுவார். அது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஊரில் இருந்தபோதும் ரிக் குடும்பத்துப் பெண்களுக்குக் காத்திருப்பதுதான் வேலை. வண்டி மத்தியப் பிரதேசம் போகும், ராஜஸ்தான் போகும். மாசக்கணக்கில் சேதி இருக்காது. பக்கத்து ஊர் லாரி ஆபீஸில் ஒரு போன் இருந்தது. அங்கிருந்து யாராவது சைக்கிளில் வந்தால் தெருவே வெளியே வந்து நிற்கும், நம் வீட்டுக்கா, அடுத்த வீட்டுக்கா என்று.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். ரிக்கில் ஆளாகப் போனான். ராஜஸ்தானில் எங்கேயோ காய்ச்சல் கண்டிருக்கிறது. கூட இருந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் முதலாளியைக் கேட்காமல் வேலையை நிறுத்தி வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போகப் பயந்தார்கள். முதலாளி வேறு சைட்டில் இருந்தார். கேட்டு, பதில் வாங்கி, கிளம்பும்போது தாமதமாகிவிட்டது. எங்களுக்குச் சேதி வந்தபோது அங்கேயே எல்லாம் முடிந்திருந்தது. அவன் துணிப்பை மட்டும் ஒரு லாரியில் வந்தது.

இதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச மாட்டோம். இங்கே எழுதுவது, அடுத்து நடந்ததற்கு அது வேண்டியிருக்கிறது என்பதால்.

4

டப்பி வந்த பிறகு ஒரு வருஷத்து ஆயுத பூஜை. ரிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். இங்கே பொரி கிடைக்காத வருஷம் மக்காச்சோளப் பொரியை வைத்துச் சமாளிப்போம். பூசணிக்காய் உடைத்தால் தெருப் பிள்ளைகள் கைதட்டும். எங்கள் ரிக் ஒன்று அப்போது உள்நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கிணறு போட்டுக்கொண்டிருந்தது. வண்டியில் போனால் இரண்டு நாள் பயணம். அங்கே போன் எடுக்காது. மிஷன் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, வானத்தைப் பார்த்து வைத்த தட்டு வழியாக மெயில் மட்டும் போகும்.

வீட்டில் வாழை இலை விரித்து, ஸ்பானர், சுத்தியல், பாறையைக் குடைகிற பிட், வண்டிச் சாவி, கால்குலேட்டர் எல்லாம் அடுக்கினோம். எங்கள் வீட்டுக்காரர் கடைசியாக இடுப்பிலிருந்து டப்பியை எடுத்து, உறையைக் கழற்றி, அதையும் இலையில் வைத்தார்.

"இதையுமுங்களா?" என்று கேட்டேன்.

"இதுதான புள்ள இப்ப நம்ம பெரிய ஆயுதம்" என்று சொல்லி, பொத்தான்மேல் சந்தனத்தை நன்றாகவே அப்பி, திரைக்கு நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். அதுவரை கை படக் கூடாது. எடுத்தால் பாறையை இடிக்கிற ஹேமர் குழிக்குள் மாட்டிக்கொள்ளும், கிணறு வறண்டு போகும் என்று நம்மவர்களுக்குப் பயம். குழிக்குள் பைப்பையே விட்டாலும் விடுவார்களே தவிர இதை மீற மாட்டார்கள். சாயங்காலம் அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் கோயிலுக்குப் போனார். விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் இருந்தேன்.

எண்ணெய் ஊற்றப் போனபோது பார்த்தேன். டப்பியின் தலையில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பண்டிகை வாழ்த்தாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இலைமேல் அது உறுமியது. மறுபடியும் உறுமியது. ஸ்பானர்மேல் பட்டுக் கிடுகிடு என்று சத்தம். பண்டிகை நாளில் இத்தனை மெயில் யார் போடுவார்கள் என்று கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன்.

தொடவும் பயம், விடவும் பயம். கடைசியில் ஒரு தீக்குச்சியை எடுத்தேன். குச்சியால் அமுக்கினால் கை பட்டதாகாது என்று ஒரு கணக்கு. சாமி முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, குச்சி முனையால் சக்கரத்தை நெம்பி நெம்பி மெயிலைத் திறந்தேன். குங்குமத்தைச் சுற்றிலும் எழுத்துத் தெரிந்தது.

எழுதியவன் சண்முகம். சூரமங்கலத்துப் பையன் என்று சொல்வோம், ஆனால் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஆட்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன்தான். எனக்கு நினைவிருக்கிறவரை சொல்கிறேன். அண்ணா, பழனியப்பனுக்குக் காய்ச்சல் முற்றிவிட்டது, மலேரியா மூளைக்கு ஏறியிருக்கிறது என்று சிஸ்டர் சொல்கிறார், ஆளைத் தெரியவில்லை. மருந்து இறக்க வந்த மிஷன் விமானம் இங்கே நிற்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார்கள். வெளிநாட்டு ஆள் என்பதால் கம்பெனி பொறுப்பேற்பதாக ஆங்கிலத்தில், பெயர் போட்டு மெயில் வர வேண்டும். ஓடுபாதையில் விளக்கு இல்லை. இருட்டினால் விமானம் கிளம்பாது. இருட்டும் முன் இவரை விட்டுவிட்டுக் கிளம்பினால் நாளை மறுநாள்தான் திரும்பி வரும்.

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அதை மட்டும் நான் மறக்கவில்லை. 'காத்தாலயே எழுதியிருப்போமுங்க. அண்ணன் டப்பிய பூஜையில வெச்சிருப்பாரு, இன்னைக்குத் தொட மாட்டாரு, சும்மா தொந்தரவு பண்ணாதீங்கன்னு பழனியப்பன்தான் தடுத்துப்போட்டாருங்க. இது மிஷன் கம்ப்யூட்டருங்க, நம்ம பூஜையில வெச்சது இல்லீங்க.'

பழனியப்பன் பனமரத்துப்பட்டிக்காரர். எங்கள் ரிக்கில் குழி போடுகிற மூத்த டிரில்லர். வாய் ஓயாத ஆள். நினைவு தப்புவதற்கு முன் கடைசியாக அவர் சொன்னது இதுதான் போலிருக்கிறது.

5

வாசலில் இருந்த வாட்ச்மேனைச் சைக்கிளில் கோயிலுக்கு விரட்டினேன். எனக்குத் தெரிந்த நாலு சுவாஹிலி வார்த்தையில் பாதி தப்பு. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து அவர் ஓடினார். கோயில் ஊரின் அந்தக் கோடியில். அவர் போய், கூட்டத்தில் தேடி, எங்கள் வீட்டுக்காரரைக் கூட்டி வருவதற்குள் பொழுது இறங்கிவிடும். ஜன்னலைப் பார்த்தேன். தென்னை உச்சியில் மட்டும் வெயில் இருந்தது.

தீக்குச்சி ஒடிந்துவிட்டது.

அப்புறம் நான் ஒன்றும் யோசித்ததாக நினைவில்லை. டப்பியைக் கையில் எடுத்துவிட்டேன். என் தம்பியின் துணிப்பை வந்த லாரி கண்ணுக்கு முன்னால் நின்றது. முந்தானையால் திரையைத் துடைத்தேன். சந்தனம் காய்ந்து பொத்தான்களுக்கு இடையில் இறுகியிருந்தது. சிலது அமுங்கினால் மேலே வரவில்லை. ஊக்கு முனையால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன்.

சண்முகத்துக்குத் தமிழில் உடனே எழுதிவிட்டேன், ஏற்றி அனுப்புங்கள் என்று. ஆனால் ஆங்கிலத்துக்கு எங்கே போவேன். அப்போதுதான் பழைய மெயில்கள் ஞாபகம் வந்தது. இந்த டப்பியில் போனதெல்லாம் அப்படியே இருக்கும். சக்கரத்தை உருட்டினேன். முன்பு ஒருமுறை கம்ப்ரசர் நின்றுபோய், கோயம்புத்தூரிலிருந்து வால்வு செட்டை விமானத்தில் வரவழைத்தோம். அந்த மெயிலை அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல நான்தான் தட்டினேன். அவசரம் என்பதால் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லியிருந்தார். 'கம்பெனி உறுதி செய்கிறது. முழுப் பொறுப்பும் எங்களுடையது. வால்வு செட்டை உடனே விமானத்தில் அனுப்பவும்.' அதற்குக் கீழேயும் ஏதோ இருந்தது. நான் கண்டது விமானம் என்ற வார்த்தையை மட்டும்தான்.

அதை அப்படியே பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு எழுத்து பார்ப்பேன், ஒரு பொத்தான் அமுக்குவேன். பின்னால் போவேன், முன்னால் வருவேன். வால்வு செட் இருந்த இடத்தில் பழனியப்பன் பெயரைப் போட்டேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு எழுத்து மறைந்தது.

கடைசியில் பெயர் போட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் பெயரைக் கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னது இல்லை, எழுதினதும் இல்லை. மற்ற மெயிலில் எல்லாம் அவர் பெயரை அவரே தட்டிக்கொள்வார். அன்று எழுதப் பார்த்தேன். கட்டை விரல் அந்த முதல் எழுத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. வெயில் தென்னை உச்சியை விட்டும் போய்க்கொண்டிருந்தது. இனி நேரம் இல்லை. பாவாயி என்று என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. கம்பெனிக் காகிதத்தில் என் பெயர் எங்கேயும் கிடையாது. யார் இந்தப் பாவாயி என்று கேட்டு மிஷன்காரர் நிறுத்திவிட்டால் என்ன செய்வது. ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. டப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு விளக்கு மின்ன வேண்டும் என்று பார்த்தபடி இருந்தேன். நடுவில் எழுந்து எண்ணெய் ஊற்றினேன். அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் மூச்சு வாங்க வந்தார். வாட்ச்மேன் என்ன சொன்னாரோ, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார். இலையைப் பார்த்தார். டப்பி இருந்த இடத்தில் சிந்திய சந்தனம் மட்டும் இருந்தது. என் மடியைப் பார்த்தார்.

"தொட்டுப்போட்டியா?"

"ஆமாங்க. பழனியப்பனுக்கு உயிருக்கு ஆபத்துங்க."

கையை நீட்டினார். கொடுத்தேன். அன்று அதிசயமாகக் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. சண்முகம் எழுதியதைப் படித்தார். நான் எழுதியதைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"என்ற பேரப் போட்டிருக்கலாமே."

"எப்படீங்க எழுதறது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வந்து பசிக்கிறது என்றன. எழுந்து போய் அவரே சோறு போட்டுக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

விளக்கு மின்னியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். அவர் டப்பியை என் பக்கம் தள்ளி, "நீயே படி" என்றார். சண்முகத்தின் மெயில். விமானம் கிளம்பிவிட்டது, அக்கா, சிஸ்டர் கூடவே போகிறார் என்று இருந்தது. நான் தார் எஸ் சலாமில் இருட்டைப் பார்த்துப் பயந்தேன். மேற்கே உள்நாட்டில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்திருக்கிறது. இதுவும் பிறகுதான் தெரிந்தது.

6

பழனியப்பன் பிழைத்தார். தேறி வர நாளானது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது சட்டை தோளில் நிற்கவில்லை, அத்தனை இளைப்பு. ஆனால் வாய் இளைக்கவில்லை. நான் வழக்கம்போல் அடுப்படிக்குள் இருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னார்.

"அக்கா, என்ன ஈரம் படாம பொதிஞ்சு, மேல கவனம்னு எழுதி ஒட்டி அனுப்பச் சொன்னீங்களாமே."

வால்வு செட் மெயிலின் கீழே இருந்த வரி அதுதான். அவசரத்தில் நான் அதையும் சேர்த்துத் தட்டியிருக்கிறேன். மிஷன் சிஸ்டர் அதைப் படித்துவிட்டு ஒரு கணம் முழித்தாராம். பிறகு, பொறுப்பான கம்பெனி என்று சொல்லி, இவரைக் கம்பளியில் சுற்றி, காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை நாடாவில் அவர்கள் மொழியில் கவனம் என்று எழுதி நெஞ்சில் ஒட்டித்தான் விமானத்தில் ஏற்றினாராம். இறங்கின இடத்தில் இவரைத் தூக்கியவர்கள் முட்டைத் தட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார்களாம். எங்கள் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டார்.

பழனியப்பன் விடவில்லை. "வால்வு செட்டும் நானும் உங்களுக்கு ஒண்ணுதானுங்களாக்கா?"

நான் அடுப்படியிலிருந்தே சொன்னேன். "வால்வு செட்டுக்கு என்ற பேரப் போட்டதில்லீங்க சாமி."

சொல்லிவிட்டு எட்டிப் பார்த்தேன். மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மற்ற ரிக்காரர்கள் சிலர் எங்கள் வீட்டுக்காரரிடம் குறைபட்டார்கள், பூஜையில் வைத்ததை எடுத்தது தப்பு என்று. அதே மிஷனில் அடுத்த குழியில் பிட் உடைந்ததும் உண்மை. அங்கே பாறை அப்படி என்று இவர் சொல்லிவிட்டார். தண்ணீர் மூன்றாவது இடத்தில் கிடைத்தது. மிஷனிலிருந்து அதன்பின் வந்த மெயில் எல்லாம் மேடம் பாவாயி என்றுதான் ஆரம்பிக்கும். நானும் பதில் போட்டேன். எனக்கென்று ஒரு மெயில் முகவரியும் இவர் வாங்கிக் கொடுத்தார். சிஸ்டரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் தோட்டத்தில் எந்தக் கீரை எப்போது முளைத்தது என்று எனக்குத் தெரியும். நேரில் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அந்தக் கூச்சத்துக்குள்ளேயே என்னை இருக்க விட்டு, வெளியே ஒரு சிநேகிதியையும் சம்பாதித்துக் கொடுத்தது அந்த டப்பி.

இப்போது மகன் கம்பெனியைப் பார்க்கிறான். உலகத்தின் எந்தக் காட்டிலிருந்தும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். நல்லதுதான். மகள் கனடாவில் இருக்கிறாள். நான் நீளமாக ஒரு சேதி எழுதினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று வருகிறது. அவள் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், பேச வராது. மகன் வீட்டுப் பிள்ளைகள் சண்டை போடுவதே சுவாஹிலியில்தான். கோபம் எந்த மொழியில் வருகிறதோ அதுதான் அவர்கள் ஊர் என்று நானும் விட்டுவிட்டேன். அந்தப் பெண் கேட்டாளே பெர்மிட் ஆபீஸில், என்னைப் பேச விட்டிருந்தாலும் அந்த நேரத்தில் முகவரி நினைவுக்கு வந்திருக்காதுதான்.

எழுதியதை எங்கள் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பாதியில் தூங்கிவிட்டார். எனவே மலர் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது எந்த வருஷத்து ஆயுத பூஜை, அந்த மிஷன் எந்த ஊருக்குப் பக்கம், உடைந்தது பிட்டா ஹேமரா என்பதெல்லாம் எனக்குச் சந்தேகம். விமானம் கிளம்பும்போது அங்கே உண்மையிலேயே எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்றும் எனக்குத் தெரிய வேண்டும், அது இன்றுவரை மனதை அரிக்கிறது. சூரமங்கலத்தில் சண்முகம் இருக்கிறார், ஓடுபாதையில் நின்று பார்த்தவர் அவர்தான். யாராவது அவரைக் கேட்டுத் தப்பைத் திருத்திப் போடுங்கள். பழனியப்பனை மட்டும் கேட்க வேண்டாம். பனமரத்துப்பட்டியில் தெம்பாகத்தான் இருக்கிறார். அன்றைக்கு நினைவே இல்லாமல் கிடந்தவர், ஆனால் கேட்டால் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எல்லாவற்றையும் சொல்லுவார்.